நாடுகள் எரிபொருள் மாற்றும் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாடு எந்த எரிபொருளில் ஓடுகிறது, அது எப்போது மாறியது, ஏன் மாறியது என்று பேச ஆரம்பித்தால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்குப் பல நாடுகளின் அனுபவத்தை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் மூன்றாவது கேள்வியை மட்டும் தவறவிடாதீர்கள். மற்ற பதில்கள் பலவும் அதன்மேல்தான் நிற்கின்றன.

1. எரிசக்தி என்றாலே மின்சாரம்தானே?

இல்லை. மின்சாரம் அதில் ஒரு பகுதி. மக்கள் கையில் வந்து சேர்ந்து பயன்படும் எரிசக்தியில், உலக அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாக வருகிறது. மீதியெல்லாம் வண்டியில் எரியும் பெட்ரோல், டீசல். ஆலைகளில் எரியும் நிலக்கரி, எரிவாயு. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் எரிபொருள். அடுப்பில் எரியும் விறகு.

நார்வேயைப் பாருங்கள். அங்கே மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அருவிகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் வருகிறது. மின்சாரத்தைப் பொறுத்தவரை அது ஒரு நூற்றாண்டுப் பழைய செய்தி. சாலைப் போக்குவரத்தில் மாற்றம் இப்போதுதான் நடக்கிறது: 2024-ல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். அதே நாடுதான் கடலுக்கு அடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து மற்ற நாடுகளுக்கு விற்கிறது. ஆகவே மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறோமா, மொத்த எரிசக்தியைப் பற்றியா, நாடு எரிப்பதைப் பற்றியா, தோண்டி விற்பதைப் பற்றியா என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாதிச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

2. விறகிலிருந்து நிலக்கரிக்கு முதலில் மாறிய நாடு எது?

பெரிய அளவில் மாறிய முதல் நாடு இங்கிலாந்து. லண்டன் பெருகப் பெருக, சுற்றுவட்டாரக் காடுகளின் விறகு போதாமல் விலை ஏறியது. வடக்கே நியூகாசில் பக்கம் ஆற்றை ஒட்டியே நிலக்கரி கிடைத்தது. அதைக் கப்பலில் ஏற்றிக் கடல் வழியாகக் கொண்டுவந்ததால் லண்டன்காரர்கள் அதைக் 'கடல்கரி' என்றே அழைத்தார்கள். யாரும் ஆசைப்பட்டு மாறவில்லை. அந்தப் புகை கண்ணைக் கரிக்கும், துணியைக் கறுப்பாக்கும். வீட்டுக்குள் எரிக்க வேண்டுமானால் நன்றாக இழுக்கும் புகைபோக்கி வேண்டும், அடுப்பின் அமைப்பே மாற வேண்டும். வீடு கட்டும் முறை மாறியதால்தான் எரிபொருளும் மாற முடிந்தது. 17-ஆம் நூற்றாண்டிலேயே அந்த நாட்டின் வெப்பத் தேவையில் நிலக்கரி விறகை முந்திவிட்டது. நீராவி எஞ்சின்தான் நிலக்கரியைக் கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வரிசை தலைகீழ்.

எஞ்சின் அடுத்த கட்டம். சுரங்கம் ஆழமாக ஆக ஊற்றுநீர் பெருகி வேலையை நிறுத்தியது. 1712-ல் தாமஸ் நியூகோமன் அமைத்த எஞ்சின் டட்லி அருகே ஒரு சுரங்கத்து நீரை இறைத்தது. அது நிலக்கரியை வாரி விழுங்கும். ஆனால் சுரங்கத்தின் வாயிலேயே நின்றதால் விலைபோகாத தூள்கரியே அதற்குப் போதுமான தீனி. கரியை எரித்து நீரை இறைத்தார்கள், நீரை இறைத்து மேலும் கரி எடுத்தார்கள். 1769-ல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற மாற்றம் அந்தத் தீனியைப் பெருமளவு குறைத்தது. அதன்பிறகு சுரங்கத்திலிருந்து தொலைவில் இருந்த ஆலைகளுக்கும் எஞ்சின் கட்டுப்படியானது. 1913-ல் பிரிட்டன் தோண்டிய நிலக்கரி 28 கோடி டன்னுக்கு மேல். அதுவே அந்த நாட்டின் உச்சம்.

3. புதிய எரிபொருள் வந்தால் பழையது போய்விடும், அப்படித்தானே?

பெரும்பாலும் போவதில்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன்.

பள்ளிப் பாடங்களில் விறகு யுகம், நிலக்கரி யுகம், எண்ணெய் யுகம் என்று படிக்கட்டு மாதிரி வரைந்து காட்டுவார்கள். ஒரு படியை விட்டு அடுத்த படியில் ஏறுவது போல இருக்கும். நடந்தது வேறு. பழைய மூட்டை இறங்கவே இல்லை. அதன்மேல் புது மூட்டை ஏறிக்கொண்டே வந்தது. 1900-ல் உலகம் நிலக்கரியில்தான் ஓடியது என்கிறோம். அன்றைக்கு எரித்ததைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இன்றைக்கு எரிக்கிறோம். 2024-ல் உலக நிலக்கரிப் பயன்பாடு அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது, ஏறக்குறைய 880 கோடி டன். எண்ணெய் வந்து, எரிவாயு வந்து, அணு வந்து, சூரியத் தகடு வந்த பிறகும் இதுதான் நிலைமை.

காரணம் எளிது. எரிபொருள்கள் ஒன்றையொன்று துரத்துவதைவிட ஒன்றுக்கொன்று உதவுவது அதிகம். சுரங்கக் கூரை சரியாமல் இருக்க மரக்கட்டைகளால் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் சுரங்கங்களுக்குக் கப்பல் கப்பலாக வெளிநாட்டு மரம் வந்து இறங்கியது. கார் எண்ணெயில் ஓடுகிறது, ஆனால் அதன் எஃகு நிலக்கரியில் உருகியது.

இங்கே ஒரு கணக்குப் பொறி இருக்கிறது. பங்கு குறைவது வேறு, அளவு குறைவது வேறு. ஒரு நாட்டின் மின்சாரத்தில் நிலக்கரி 80 விழுக்காட்டிலிருந்து 60-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் மொத்த மின்சாரம் இரு மடங்கானால், எரியும் நிலக்கரி ஒன்றரை மடங்காகியிருக்கும். விழுக்காட்டை மட்டும் சொல்லி யாராவது மகிழ்ச்சி தெரிவித்தால், டன் எவ்வளவு என்று கேளுங்கள்.

4. அப்படியானால் எந்த நாடும் பழையதை உண்மையிலேயே விட்டதில்லையா?

விட்டிருக்கின்றன. அதனால்தான் அந்தக் கதைகள் இவ்வளவு முக்கியம்.

பிரிட்டன் ஒரு நல்ல உதாரணம். 1882 ஜனவரியில் லண்டன் ஹோல்பார்ன் பகுதியில் பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் நிலக்கரி மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 142 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 30 அன்று, ராட்கிளிஃப் என்ற கடைசி நிலக்கரி மின்நிலையத்தை நிறுத்தினார்கள். இது மெதுவாகத் தேய்ந்துபோன கதை இல்லை. 2012-ல்கூட அந்த நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. அங்கிருந்து பூஜ்யத்துக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆயின.

எப்படி முடிந்தது? 1990-களிலேயே எரிவாயு நிலையங்கள் வரிசையாக எழுந்திருந்தன. காற்று மாசு விதிகளால் பழைய நிலையங்கள் கந்தக வடிகட்டி பொருத்த வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்ற நிலை வந்தது. 2013-ல் கரியமில வாயுவுக்கு அரசு ஒரு குறைந்தபட்ச விலை வைத்தது. நிலக்கரியை எரிப்பது எரிவாயுவைவிடச் செலவாகிப்போனது. கடலில் காற்றாலைகள் பெருகின. இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை: மின்சாரத் தேவையே 2005-க்குப் பிறகு குறைந்தது. கூடும் தேவைக்கு ஓடி ஓடிப் புது நிலையம் கட்ட வேண்டிய நாட்டுக்குப் பழையதை மூடும் வசதி கிடையாது. இதை மனதில் வைக்காமல் வளரும் நாடுகளையும் பிரிட்டனையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை என்பது என் கருத்து.

5. எவ்வளவு வேகமாக ஒரு நாடு மாற முடியும்?

இந்தக் கேள்விக்கு எனக்கு மிகவும் பிடித்த பதில் நெதர்லாந்து. 1959-ல் அந்நாட்டின் வடகிழக்கில் க்ரோனிங்கன் மாகாணத்தில், ஸ்லோக்டெரன் என்ற ஊர் அருகே பிரம்மாண்டமான எரிவாயு வயல் கிடைத்தது. பத்தே ஆண்டுகளில் நாடு முழுவதும் குழாய் பதித்து, பெரும்பாலான வீடுகளின் அடுப்பையும் வெப்பமூட்டியையும் எரிவாயுவுக்கு மாற்றிவிட்டார்கள். தெற்கே லிம்பர்க் மாகாணத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அத்தோடு காலம் முடிந்தது. 1965 டிசம்பரில் பொருளாதார அமைச்சர் யோப் டென் அவுல் சுரங்க நகரமான ஹேர்லனுக்கே நேரில் போய், எல்லாச் சுரங்கங்களும் மூடப்படும் என்று அறிவித்தார். 1974-ன் கடைசி நாளில் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டது.

ஆனால் எரிவாயுவும் நிலைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வாயுவை உறிஞ்சியதில் க்ரோனிங்கன் மண் அமுங்கி நில அதிர்வுகள் வந்தன. 2012-ல் ஹுய்சிங்க என்ற சிற்றூரில் 3.6 அளவில் ஓர் அதிர்வு. ஆழம் குறைவு என்பதால் இந்தச் சிறிய எண்ணே வீட்டுச் சுவர்களைப் பிளக்கப் போதுமானதாக இருந்தது. 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு சட்டம் போட்டு நிரந்தரமாகவே மூடினார்கள். அடியில் இன்னும் நிறைய வாயு இருக்கும்போதே! கையில் இருக்கும் எரிபொருளை எடுக்காமல் விட ஒரு நாடு முடிவெடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பிரிட்டனும் இதே மாதிரி ஒரு வேலை செய்தது. அங்கே வீடுகளுக்கு வந்தது நிலக்கரியைச் சுட்டெடுத்த நகர்வாயு. வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்ததும் 1967 முதல் 1977 வரை வீடு வீடாக ஆள் அனுப்பி, சுமார் 1 கோடியே 30 லட்சம் வாடிக்கையாளர்களின் பர்னர்களை மாற்றிக் கொடுத்தார்கள். இயற்கை எரிவாயு எரியும் விதமே வேறு என்பதால் ஒரு அடுப்பைக்கூட விட்டுவைக்க முடியாது. அரசு முடிவெடுத்து, செலவையும் தானே ஏற்று, வாசலுக்கே வந்து மாற்றித் தரும்போது மக்கள் மாறத் தயங்குவதில்லை.

6. நிலக்கரி சொந்த மண்ணிலேயே இருக்கும்போது வெளிநாட்டு எண்ணெய்க்கு ஏன் மாறினார்கள்?

எண்ணெய் கையாள எளிது. ஒரே எடையில் அதிக வெப்பம் தரும், குழாயில் ஓடும், அள்ளிப் போட ஆள் வேண்டாம். முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில், பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றும் வேலையை விரைவுபடுத்தினார். கப்பலுக்கு வேகம் கிடைத்தது. ஆனால் எரிபொருள் வேல்ஸ் சுரங்கத்திலிருந்து பாரசீகத்துக்கு இடம் மாறியது. 1914-ல் பிரிட்டிஷ் அரசு ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது அதனால்தான். எரிபொருளை மாற்றும் நாடு தன் வெளியுறவுக் கொள்கையையும் சேர்த்தே மாற்றிக்கொள்கிறது.

7. 1973 எண்ணெய் நெருக்கடியை ஏன் எல்லோரும் திருப்புமுனை என்கிறார்கள்?

ஒரே அடி எல்லோர்மேலும் ஒரே நேரத்தில் விழுந்தது, ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள். அதனால் எரிசக்தி வரலாற்றில் பரிசோதனைக்கூடம் போன்ற காலம் அது. 1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டதும், அரபு எண்ணெய் நாடுகள் உற்பத்தியைக் குறைத்துச் சில நாடுகளுக்கு ஏற்றுமதியையும் நிறுத்தின. சில மாதங்களில் பீப்பாய் விலை மூன்று டாலர் சுமாரிலிருந்து பன்னிரண்டு டாலருக்கு அருகே போனது.

பிரான்ஸ் அணுவைப் பிடித்தது. 1974 மார்ச்சில் பிரதமர் பியேர் மெஸ்மெர் ஒரு திட்டத்தை அறிவித்தார். ஒரே மாதிரி வடிவமைப்பில் அணு உலைகளை வரிசையாகக் கட்டினார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குள் மின்சாரத்தில் பெரும்பங்கு அணுவுக்கு வந்தது. பல ஆண்டுகளில் அது 70 விழுக்காட்டையும் தாண்டியது. ஒரே மாதிரிக் கட்டியதால் செலவு மிச்சம். அதுவே பலவீனமும்கூட: 2021-ன் கடைசியில் சில உலைகளின் குழாய்களில் அரிப்பு விரிசல் தெரிந்ததும் அதே வகையைச் சேர்ந்த மற்றவற்றையும் நிறுத்திச் சோதிக்க வேண்டி வந்தது. நாற்பது ஆண்டுகளாக மின்சாரம் விற்று வந்த பிரான்ஸ் 2022-ல் நிகரமாக வாங்கியது.

டென்மார்க் கதையைப் பெரும்பாலும் பாதியில் சொல்லி நிறுத்துவார்கள். எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு எண்ணெயை நம்பியிருந்த நாடு அது. நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டவே தடை போட்டது. 'அதிலிருந்து காற்றாலைக்கு மாறிவிட்டது' என்று சுருக்கிவிடுவார்கள். உண்மையில் முதலில் மாறியது நிலக்கரிக்கு! 1990 வாக்கில் டேனிஷ் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி நிலக்கரி. ஆனால் அதே காலத்தில் இரண்டு விதைகளை ஊன்றி வைத்தார்கள். ஒன்று, மின்நிலையத்தின் வீண் வெப்பத்தைக் குழாய் வழியே வீடுகளுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு. இன்னொன்று காற்று. ட்விண்ட் என்ற இடத்தில் ஒரு பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1978-ல் 2 மெகாவாட் காற்றாலை ஒன்றைக் கட்டி முடித்தார்கள், அப்போது அது உலகத்திலேயே பெரியது. 1985-ல் நாடாளுமன்றம் அணுமின்சாரத்தைத் திட்டத்திலிருந்தே நீக்கியது. 1991-ல் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை விண்டெபி அருகே வந்தது, மொத்தம் 11 காற்றாலைகள். இன்றைக்கு அந்த நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்று. விதைக்கும் அறுவடைக்கும் நடுவே நாற்பது ஆண்டுகள்.

பிரேசில் கரும்பைப் பிடித்தது. 1975-ல் எத்தனால் திட்டம் தொடங்கி, எண்பதுகளின் நடுவில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது வெறும் சாராய எரிபொருளில் ஓடின. அப்புறம் பெட்ரோல் விலை விழுந்தது, சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் சர்க்கரைப் பக்கம் திரும்பின. 1989-ல் எரிபொருள் நிலையங்களில் எத்தனால் தட்டுப்பாடு. வண்டி வைத்திருந்தவர்களின் நம்பிக்கை ஒரேயடியாகப் போனது. 2003-ல் பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் கார் சந்தைக்கு வந்த பிறகுதான் நம்பிக்கை திரும்பியது. எதை ஊற்றலாம் என்ற முடிவு ஓட்டுபவர் கையில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

8. வட்ட வரைபடங்களில் சூரியனும் காற்றும் ஏன் இவ்வளவு சின்னதாகத் தெரிகின்றன?

கணக்கு எழுதும் முறையும் ஒரு காரணம். நிலக்கரியை எழுதும்போது அதில் உள்ள முழு வெப்பத்தையும் எழுதுகிறார்கள். ஒரு அனல் மின்நிலையம் 100 பங்கு வெப்பத்தை எரித்தால் 35 முதல் 40 பங்குதான் மின்சாரமாகும், மீதி புகைபோக்கியிலும் குளிர்விப்புக் கோபுரத்திலும் போய்விடும். பெட்ரோல் கார் இன்னும் மோசம், கால் பங்கு சக்கரத்துக்கு வந்தாலே பெரிது. சூரியத் தகடு தரும் மின்சாரத்தை அப்படியே மின்சாரமாக எழுதும்போது இந்த வீணாகும் பகுதி அதில் இல்லை. அதனால் நிலக்கரி தந்த ஒவ்வொரு 100 பங்குக்கும் இன்னொரு 100 பங்கு சூரிய மின்சாரம் தேவை என்று நினைத்து மலைக்க வேண்டாம். மின்சாரமாகவே எடுத்துக்கொண்டால் 40 போதும். சில புள்ளிவிவரத் தொகுப்புகள் இதைச் சரிக்கட்டி எழுதும், சில எழுதாது. வரைபடத்தின் அடிக்குறிப்பைப் படிப்பது நல்ல பழக்கம்.

9. ஒரு நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி பசுமை என்றால், மின்சாரத்தில் பாதி பசுமையா?

இல்லை. நிறுவுதிறன் என்பது முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு தர முடியும் என்பது. ஆண்டு முழுவதும் உண்மையில் எவ்வளவு தந்தது என்பது உற்பத்தி. ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டில் ஒரு மணி நேரம்கூட நிற்காமல் ஓடினால் 87 லட்சத்து 60 ஆயிரம் யூனிட் தரும். அணுமின் நிலையம் நன்றாக ஓடினால் அதில் 85 விழுக்காடு, அதாவது 74 லட்சம் யூனிட் சுமார். சூரியனுக்கு இரவு உண்டு, மேகம் உண்டு. 20 விழுக்காடு என்று வைத்தால் 17 லட்சத்து 50 ஆயிரம் சுமார். இரண்டுக்கும் பெயர்ப்பலகையில் ஒரு மெகாவாட்தான்.

இந்தியா இதற்குப் பொருத்தமான உதாரணம். 2025-ன் நடுவில் அதன் மொத்த நிறுவுதிறன் 4 லட்சத்து 85 ஆயிரம் மெகாவாட் அளவில் இருந்தபோது, அதில் பாதி நிலக்கரி, எரிவாயு சாராதது என்ற இலக்கை எட்டியது. பெரிய சாதனைதான், 2030-க்கு வைத்த இலக்கு ஐந்து ஆண்டு முன்பே வந்தது. ஆனால் அதற்கு முந்தைய நிதியாண்டில் ஓடிய யூனிட்டுகளில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரி. இரண்டு செய்தியும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்வது தவறு.

10. மழையும் மலையும் இருக்கும் நாட்டுக்கு நீர்மின்சாரம் போதாதா?

மழை பெய்யும்வரை போதும். இலங்கையில் பொறியாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-லேயே மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார். லக்சபான, பிறகு மகாவலித் திட்டத்தின் அணைகள் என்று வளர்ந்து, 1990-களின் நடுப்பகுதிவரை நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீரிலிருந்தே வந்தது. 1996-ல் வறட்சி. மணிக்கணக்கில் மின்வெட்டு. அதன்பிறகு டீசல், உலை எண்ணெய் நிலையங்கள் பெருகின. 2011-ல் நுரைச்சோலையில் முதல் நிலக்கரி அலகு ஓடத் தொடங்கியது. இறக்குமதியை நம்பிய அந்த ஏற்பாட்டை 2022-ல் அன்னியச் செலாவணி நெருக்கடி தாக்கியபோது, எரிபொருள் வாங்க முடியாமல் மக்கள் இருட்டில் உட்கார்ந்தார்கள். வானத்தை நம்பியது ஒரு ஆபத்து, டாலரை நம்பியது இன்னொரு ஆபத்து.

பிரேசிலும் 2001-ல் இதே வறட்சியில் மாட்டியது. அங்கே வெட்டுவதற்குப் பதிலாக, எல்லோரும் பயன்பாட்டில் 20 விழுக்காடு குறைக்க வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணம் என்றார்கள். மக்கள் குறைத்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் தேவை உடனே பழைய அளவுக்கு ஏறவில்லை.

11. காற்றும் சூரியனும் இல்லாத நேரத்தில் என்ன செய்வார்கள்?

நாலைந்து வழிகளைக் கலந்து பயன்படுத்துகிறார்கள். டென்மார்க்குக்கு அண்டை நாடுகள் துணை: காற்று மிஞ்சும்போது கடலடிக் கேபிள் வழியாக நார்வேக்கு அனுப்புகிறது, நார்வே தன் அணை நீரைத் திறக்காமல் சேமித்து வைத்துக் காற்று ஓய்ந்ததும் மின்சாரமாகத் திருப்பித் தருகிறது. உருகுவே தன் சொந்த அணைகளையே அப்படிப் பயன்படுத்துகிறது. 35 லட்சம் பேர் வாழும் அந்த நாடு 2000-களில் எண்ணெய் இறக்குமதியில் தவித்தது. எல்லாக் கட்சிகளும் ஒரே எரிசக்திக் கொள்கைக்கு ஒப்புக்கொண்டு, நீண்டகால ஒப்பந்த ஏலம் விட்டு, பத்தாண்டுக்குள் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் காற்றைக் கொண்டுவந்தது. ஆட்சி மாறினாலும் ஒப்பந்தம் மாறாது என்று முதலீடு செய்தவர்கள் நம்பியதுதான் அங்கே பெரிய பலம்.

மற்ற இடங்களில் மேல் அணைக்கு நீரை ஏற்றி இறக்கும் நிலையங்கள், பேட்டரிகள், தேவைப்படும்போது மட்டும் ஓடும் எரிவாயு நிலையங்கள். மாலை நேர உச்சத்தைத் தாண்ட பேட்டரி நன்றாக உதவுகிறது. வாரக்கணக்கில் நீளும் காற்றில்லாக் குளிர்காலத்துக்கு அது மட்டும் போதாது.

12. அணுமின்சாரத்தை விட்ட நாடுகள் அந்த இடத்தை எதனால் நிரப்பின?

ஜப்பானில் 2011 மார்ச் ஃபுகுஷிமா விபத்துக்கு முன்பு மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் அணு. அடுத்த ஆண்டு மே மாதம் எல்லா உலைகளும் நின்றிருந்தன. இடத்தைப் பெரும்பாலும் நிரப்பியது கப்பலில் வந்த திரவ இயற்கை எரிவாயு, அதோடு நிலக்கரியும் எண்ணெயும். மக்கள் குளிர்சாதனத்தைக் குறைத்து, விளக்கை அணைத்துத் துணை நின்றார்கள். 2015 ஆகஸ்டில் செண்டாயில் ஒரு உலை மீண்டும் ஓடியது, அதன்பின் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன.

ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று உலைகளை நிறுத்தியது. அங்கே காற்றும் சூரியனும் வேகமாக வளர்ந்ததால் இருட்டு வரவில்லை. ஆனால் அந்தப் புது மின்சாரத்தின் ஒரு பகுதி நிலக்கரியின் இடத்தைப் பிடிப்பதற்குப் பதிலாக அணுவின் இடத்தைப் பிடித்தது. வரிசையை மாற்றி, நிலக்கரியை முதலில் மூடியிருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

13. சிக்கனமான எந்திரங்கள் வந்தால் தேவை தானாகக் குறையுமா?

தானாகக் குறையாது. நீராவி எஞ்சின் சிக்கனமானதும் நிலக்கரிப் பயன்பாடு கூடியதைப் பொருளியல் அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே எடுத்துக்காட்டினார். மலிவானால் புதுப் புது உபயோகம் முளைக்கும். ஆனால் ஏற்கெனவே போதுமான அளவு வசதி உள்ள இடத்தில் சிக்கனம் பலிக்கிறது. எல்.இ.டி. விளக்கு வந்ததால் யாரும் வீட்டில் எட்டு மடங்கு விளக்கு போடவில்லை.

14. விறகு இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

பல நாடுகளின் பழைய புள்ளிவிவரத்தில் வருவதே இல்லை. விலை கொடுத்து வாங்காதது, வரி கட்டாதது என்பதால் ஏட்டில் ஏறாது. இன்றும் உலகில் 200 கோடிப் பேர் அளவில் விறகு, சாணம், கரி போன்றவற்றில் சமைக்கிறார்கள். அந்தப் புகையால் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் பேர் அகால மரணம் அடைவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சுள்ளி பொறுக்கப் பெண்களும் குழந்தைகளும் நடக்கும் தூரம் எந்த மெகாவாட்டிலும் சேராது. ஒரு நாடு எரிசக்தியில் முன்னேறியதா என்று என்னைக் கேட்டால், சூரியப் பூங்காவைப் பார்ப்பதற்கு முன் சமையலறைப் புகை நின்றதா என்றுதான் பார்ப்பேன்.

15. சுரங்கம் மூடியபின் அந்த ஊர்கள் என்ன ஆயின?

பெரும்பாலும் கஷ்டப்பட்டன. லிம்பர்க்கில் 1965-ல் சுமார் 45,000 பேர் சுரங்க வேலையில் இருந்தார்கள். மாற்று வேலை இல்லாமல் மூடல் இல்லை என்று டென் அவுல் வாக்குக் கொடுத்திருந்தார். அரசுச் சுரங்க நிறுவனம் வேதிப்பொருள் தயாரிப்புக்கு மாறியது, போர்ன் என்ற ஊரில் கார் தொழிற்சாலை வந்தது, தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் ஒரு பகுதியை ஹேர்லனுக்கே மாற்றினார்கள். மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் இது நிறைய. அப்படியும் போதவில்லை. நிலத்தடியில் இருபது ஆண்டு உழைத்தவருக்கு அலுவலக மேசை வேலை பொருந்தவில்லை. வேலையின்மை பல ஆண்டுகள் நீடித்தது.

அந்தச் சுரங்கப்பாதைகள் பிறகு நீரால் நிரம்பின. ஆழத்தில் இருப்பதால் அந்த நீர் வெதுவெதுப்பானது. 2008-ல் ஹேர்லன் நகரம் அங்கே துளையிட்டு, அந்த நீரின் வெப்பத்தைக் குழாய் வழியாக வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் கொண்டுபோகத் தொடங்கியது. கோடையில் அதே ஏற்பாடு கட்டடங்களைக் குளிர்விக்கவும் செய்கிறது.